கண்ணாடிக்கு உள்பக்கம்

ஃபரீஹா வேலைக்குச் சேர்ந்த அன்று புதுச்சேரியில் காற்றே இல்லை. கடற்கரைப் பக்கத்துத் தெருக்களில்கூட மரங்கள் அசையாமல் நின்றன. முல்லா வீதியில் இருந்த வீட்டிலிருந்து ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு, பெரிய வாய்க்காலைத் தாண்டி, அந்தப் பழைய வீட்டின் முன்னால் நிறுத்தியபோது துப்பட்டா கழுத்தோடு ஒட்டிப்போயிருந்தது. மஞ்சள் மதில், ஆளுயரத்துக்கு மேல் பச்சை ஜன்னல்கள், மதில்மேல் படர்ந்த காகிதப்பூ. வீட்டின் சொந்தக்காரர்கள் பிரான்சில் இருந்தார்கள். வாடகைக்கு எடுத்திருந்த கம்பெனியின் பெயர்ப்பலகை கைக்குட்டை அளவுதான் இருந்தது.

கம்பெனி முதலாளி இளஞ்செழியன் வாசலுக்கே வந்து அழைத்துப் போனார். அவரும் பல வருஷம் பிரான்சில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். எதைச் சொல்லுவதற்கு முன்னாலும், பிரெஞ்சுக்காரர்கள் 'சரி' என்பதற்குச் சொல்வதுபோல, "போன்" என்று ஒரு தடவை சொல்லிக்கொள்வார்.

"போன். உங்க ரூம் கடைசியில இருக்கு. படி எறங்கணும், பாத்து வாங்க."

கூடத்தில் ஒரு பெண் உட்கார்ந்து சின்னச் சின்னப் புட்டிகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள். முப்பது, முப்பத்திரண்டு வயசு இருக்கும். ஃபரீஹா கடந்து போகும்போது கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தாள்.

"நீங்கதான் அந்த ரூமுக்கா?"

"ஆமாங்க."

அவள் தலையை ஆட்டிவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள். அவள் பெயர் நிர்மலா என்று இளஞ்செழியன் நடந்துகொண்டே சொன்னார்.

நடை முடிகிற இடத்தில் வெளிச்சமும் முடிந்தது. அந்தக் காலத்தில் ஒயின் பீப்பாய்கள் வைத்திருந்த அறையாம். வீட்டுத் தரையைவிடப் பள்ளமாக இருந்தது. பழைய தேக்குக் கதவைச் சுவரோடு மடக்கி வைத்துவிட்டு, உள்ளே புதிதாக ஓர் இரும்புக் கதவு போட்டிருந்தார்கள். தூசி வரக்கூடாது என்று ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். கூரையை ஒட்டி எக்ஸாஸ்ட் ஃபேன் சுற்றும் ஓட்டை மட்டும் இருந்தது. வெளியே அத்தனை புழுக்கம். இங்கே தரை, செருப்பு வழியாகக் காலைச் சில்லிட்டது.

நடுவில் மெஷின். சோற்றுத் தவலை அளவுக்கு ஓர் எஃகு உருளை, முன்பக்கம் வட்டமான தடிமன் கண்ணாடி. ஃபரீஹா ஆராய்ச்சிப் படிப்பில் பயன்படுத்திய அதே வகைதான்.

வேலையும் அவளுக்குப் பழக்கமானதுதான். காந்தத்துக்கு ஓடிவரும் நானோ துகள்கள், கோடிக்கணக்கில் சேர்ந்தால்தான் ஒரு சிட்டிகைக் கருந்தூள் ஆகும். தயாரிக்கும்போது ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க ஒவ்வொரு துகள்மேலும் எண்ணெய்ப் பசைபோல ஒரு தோல் இருக்கும். அந்தத் தோலை உரித்தால்தான் அதன்மேல் மருந்தை ஏற்ற முடியும். தூளை உருளைக்குள் போட்டு, காற்றை முழுக்க உறிஞ்சி எடுத்துவிட்டு, கொஞ்சம் ஆர்கான் வாயுவை விட்டு மின்சாரம் கொடுத்தால் உள்ளே ஊதா நிறத்தில் ஒளி எழும். அதுதான் பிளாஸ்மா. அது துகளைத் தொட்டுத் தொட்டு மேல்தோலை உரித்துவிடும். மிஞ்சுவது வெறும் இரும்பு. எதையாவது பற்றிக்கொள்ளத் துடிக்கிற இரும்பு.

சுவரில் ஒரு சின்னப் பெட்டி பச்சை விளக்கோடு இருந்தது. அறையில் ஆக்ஸிஜன் குறைந்தால் கத்துகிற அலாரம். அதைச் சுற்றிச் சுவரின் சிமெண்டு இன்னும் ஈரநிறமாக இருந்தது.

"இப்பதான் மாட்டினதா சார்?"

"போன். ஆமா. சேஃப்டிக்கு," என்றார் இளஞ்செழியன். அதைச் சொல்லும்போது அவர் அலாரத்தையும் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை.

அன்று மத்தியானமே முதல் தடவை மெஷினை ஓட்டினாள். பம்ப் முனகத் தொடங்கியது. சூடான எண்ணெய் வாசனை வந்தது. கண்ணாடிக்குள் ஊதா ஒளி நிறைந்து, அவள் கைகளும் வெள்ளைக் கோட்டும் அதே நிறமாயின. முடிந்ததும் மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். கண்ணாடிமேல் மெல்லிய கரிப்படலம்போலத் தூள் படிந்திருந்தது. அது எப்போதும் நடப்பதுதான்.

படலத்தின் நடுவே ஒரு கையின் அச்சு இருந்தது.

ஐந்து விரல், உள்ளங்கை. ரேகைகூடத் தெரிந்தது. யாரோ வெளியில் கை வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துப் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் துடைத்தாள். அச்சு அப்படியே இருந்தது. இன்னும் அழுத்தித் துடைத்தாள்.

அது உள்பக்கம் இருந்தது.

உருளைக்குள் முழங்கை வரைதான் நுழையும். தூளைப் போட்டு மூடியவள் அவளே. திறந்து, உள்பக்கத்தை வழித்துத் துடைத்துவிட்டு, பழைய கறையாக இருக்கும் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் மெஷின் ஓடி முடியும்வரை கண்ணாடியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஊதா ஒளி மங்கத் தொடங்கியது. தூள் படலம் சீராக, ஒரு கோடுகூட இல்லாமல் இருந்தது.

பிறகு கீழ்ப்பக்கமிருந்து ஒரு விரல் பதிந்தது. பக்கத்தில் இன்னொரு விரல்.

அவசரமே இல்லாமல், ஒருவர் இருட்டில் சுவரைத் தடவிப் பார்த்துக் கையை ஊன்றுவதுபோல, முழு உள்ளங்கையும் வந்து கண்ணாடியில் படிந்தது.

ஃபரீஹா எழுந்து, இரும்புக் கதவருகே இருந்த பச்சைப் பொத்தானை அழுத்திக் கதவைத் திறந்தாள். வாசலிலேயே நிர்மலா நின்றுகொண்டிருந்தாள். கையில் போன்.

"இப்பதான் மெஷின நிறுத்தினீங்களா?"

"ஆமாக்கா. ஏன்?"

"இல்ல. கேட்டேன்," என்று சொல்லிவிட்டு நிர்மலா போய்விட்டாள்.

அந்த வாரம் முழுக்க இதே நடந்தது. மெஷின் ஓடினால் அச்சு விழும். நிறுத்தினால் நிர்மலா வந்து நிற்பாள். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் ஃபரீஹா அவள் எதிரில் போய் உட்கார்ந்தாள்.

"அக்கா, அந்த ரூம்ல எனக்கு முன்னாடி யாரு வேல பாத்தாங்க?"

நிர்மலா டிபன் டப்பாவை மூடினாள்.

"எங்க வீட்டுக்காரரு. கோபிநாத்."

"இப்ப எங்க இருக்காரு?"

"வீட்ல. படுத்திருக்காரு."

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னாள். பொங்கல் முடிந்த சமயம். கேஸ் குழாய் எங்கேயோ கசிந்திருக்கிறது. "குனிஞ்சி எதையோ எடுக்கப் போயிருக்காரு. அவ்ளோதான். சாப்பிட வரலியேன்னு சார் போயி கதவத் தொறக்கறாரு, தொறக்க முடியல. அவரு கதவுமேலயே சாஞ்சி கெடந்திருக்காரு. கை மட்டும் கதவுல ஒட்டின மாதிரி நின்னுச்சாம். உயிரு இருந்துச்சு. மூளைக்குக் காத்து போகலன்னு டாக்டரு சொன்னாரு. மூச்சு விடுறாரு. குழாயில கஞ்சி ஊத்துனா எறங்குது. வேற ஒண்ணும் இல்ல. சார்தான் எனக்கு இங்க வேல குடுத்தாரு. நானும் வேணாம்னு சொல்லல. அவரு கடைசியா நடந்த எடம்."

ஃபரீஹாவுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவைப்படவில்லை. ஆர்கானுக்கு நிறம் இல்லை, வாசனை இல்லை. காற்றைவிடக் கனம். பள்ளமான அறையில் கசிந்தால் தண்ணீர் மாதிரி தரையில் தேங்கும். இருமல் வராது, மூச்சு முட்டாது. நன்றாக மூச்சு விடுகிறோம் என்றே தோன்றும். கால் மடங்கி விழுந்தால், விழுந்த இடத்தில்தான் அது ஆழம்.

"நான் கேக்கறதுக்குக் கோவிச்சிக்காதீங்க," என்று நிர்மலா குரலைத் தாழ்த்தினாள். "மெஷின் ஓடறப்ப அவரு கை அசையுது. அத்த போன் பண்ணிச் சொல்லுவாங்க. நான் வந்து உங்களப் பாப்பேன். ஒவ்வொரு தடவையும் நேரம் சரியா இருக்குது."

ஞாயிற்றுக்கிழமை ஃபரீஹா முத்தியால்பேட்டைக்குப் போனாள். தெருவுக்குள் தெருவாகப் போய்க் கடைசியில் ஓர் ஓட்டுவீடு. நிர்மலாவின் மாமியார் செல்வாம்பாள் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். ஜன்னலோரக் கட்டிலில் கோபிநாத் படுத்திருந்தார். மூக்கில் குழாய். முகத்தில் பவுடர் போட்டு, தலைவாரி விட்டிருந்தார்கள். பாதி திறந்த கண்கள் எதையும் பார்க்கவில்லை.

நிர்மலா அவர் வலது கையை எடுத்து விரித்துக் காட்டினாள். விரல் நுனிகள் கறுப்பாக இருந்தன.

"தெனமும் தொடச்சி விடுறோம். தெனமும் வருது. இவரு கட்டில விட்டு எறங்கினதே இல்ல."

ஃபரீஹாவின் ஸ்கூட்டிச் சாவியில் பொத்தான் அளவு காந்தம் ஒன்று தொங்கியது. தூளைச் சோதித்துப் பார்க்க வைத்திருப்பது. அதை மெதுவாக அந்த விரல்களுக்கு அருகே கொண்டுபோனாள். கறுப்பு, மயிர்க்கால்போலக் குத்திட்டு எழுந்தது. அவளுடைய தூள்தான்.

பிறகு விரல் எழுந்தது. மற்ற விரல்களும் எழுந்தன. மணிக்கட்டும் எழுந்தது.

காந்தம் தூளைத்தான் இழுக்கும். கையை இழுக்காது.

அவள் சாவியைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டாள். கை இறங்கவில்லை. உள்ளங்கையை விரித்து, ஏதோ ஒன்றின்மேல் ஊன்றியதுபோல அந்தரத்தில் நின்றது.

"பாத்தீங்களா," என்றாள் நிர்மலா மெல்ல.

வேலையை விட்டுவிட வேண்டும் என்ற முடிவோடுதான் ஃபரீஹா மறுநாள் வந்தாள். நடையிலேயே நிர்மலா மறித்தாள்.

"நீங்க போயிட்டா மெஷின் நின்னுடும். மெஷின் நின்னுட்டா அவரு எங்க இருப்பாரு?"

ஃபரீஹா கோட்டை மாட்டிக்கொண்டு படி இறங்கினாள். அதற்குப் பிறகு அச்சுகளை அவள் துடைக்கவில்லை. ஒன்றின்மேல் ஒன்றாகக் கைகள் பதிந்துகொண்டே போயின. பம்பின் முனகலுக்கு அடியில் சில நேரம் தட்டுவது கேட்டது. விட்டு விட்டு, களைத்துப்போனவர் தட்டுவது மாதிரி. அவள் வேலை செய்துகொண்டே, "இருக்கேன், இங்கதான் இருக்கேன்," என்று சொல்லுவாள். ஏன் சொல்கிறோம் என்று அவளுக்கே தெரியாது. அந்த அறைக்குள் கதவு மூடும் ஒவ்வொரு தடவையும், இனி இது திறக்காது என்றே தோன்றும்.

பிறகு ஒருநாள் குழாய் இணைப்பு லேசாகக் கசிந்தது. அலாரம் கத்தியது. அவள் தள்ளாடிக்கொண்டு படியேறி முற்றத்தில் வந்து விழாத குறையாக உட்கார்ந்தாள். நிர்மலா தண்ணீர் கொண்டுவந்தாள். அதற்குள் அவள் போன் அடித்தது. ஓரமாகப் போய்ப் பேசிவிட்டுத் திரும்பியபோது முகமே மாறியிருந்தது.

"மயக்கம் எப்ப வந்துச்சு உங்களுக்கு?"

"இப்பதாங்கா. அலாரம் அடிச்சப்ப."

"அவரு கண்ண நல்லாத் தொறந்து வாசலப் பாத்தாராம். எழுந்திரிக்கப் பாத்தாராம். அத்த அழுவுறாங்க." நிர்மலா சொம்பைத் தரையில் வைத்தாள். "இத்தினி நாள்ல அந்தக் கண்ணு எதையும் பாத்ததே இல்ல."

சந்தோஷமான செய்திதானே என்று ஃபரீஹா சிரிக்க முயன்றாள். தலை சுற்றிக்கொண்டிருந்தது. நிர்மலா எதையோ கூட்டிக் கழித்துப் பார்ப்பதுபோலத் தன்னையே பார்ப்பதை அவள் கவனித்தாள். அதற்கு அர்த்தம் மட்டும் அப்போது புரியவில்லை.

மெஷினை விற்றாகிவிட்டது என்று இளஞ்செழியன் சொன்னது அடுத்த வாரம். கோயம்புத்தூரில் ஒரு கம்பெனி வாங்கியிருந்தது. திங்கட்கிழமை லாரி வரும். மிச்சமிருக்கும் தூளை ஞாயிற்றுக்கிழமைக்குள் முடித்துவிடச் சொல்லிவிட்டு அவர் சென்னைக்குப் போய்விட்டார்.

ஞாயிறன்று வீட்டில் யாரும் இல்லை. வாசல் கேட்டில் காவலாளி இராமதாஸ் மட்டும். நிர்மலாவுக்கு அன்று வேலை இல்லை, ஆனாலும் வந்திருந்தாள்.

"கடைசித் தடவ இல்லியா. நானும் இருக்கேனே."

தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் வாங்கிய வஞ்சிர மீனில் குழம்பு வைத்துக் கொண்டுவந்திருந்தாள். இருவரும் முற்றத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஃபரீஹாவுக்கு மீன் துண்டை முள் எடுத்து வைத்தாள். மெஷின் போன பிறகு என்ன ஆகும் என்பதைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. "உங்களுக்கு எப்பக் கல்யாணம்?" என்று கேட்டாள். "அம்மா பாத்துக்கிட்டு இருக்காங்க," என்று ஃபரீஹா சொன்னதும், "நல்ல எடமா அமையும்," என்றாள்.

ஃபரீஹா உள்ளே போனாள். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. தூளைப் போட்டாள், பம்பை ஓட்டினாள். கண்ணாடியில் ஊதா ஒளி எழுந்தது.

அப்போது வெளியே ஒரு சத்தம். மரம் முனகிக்கொண்டே நகர்கிற சத்தம். அதன் பின்னால் இரும்புத் தாழ் விழுந்தது.

இத்தனை நாளில் ஒருமுறைகூட மூடாத தேக்குக் கதவு.

பச்சைப் பொத்தானை அழுத்தினாள். இரும்புக் கதவு உள்பக்கமாகத் திறந்தது. எதிரில் கறுத்த தேக்குப் பலகை. கையால் தள்ளினாள். சுவரைத் தள்ளுவதுபோல இருந்தது.

"அக்கா. நிர்மலாக்கா."

பதில் கதவுக்கு மிக அருகில் வந்தது. அவளும் பலகையில் வாயை வைத்துப் பேசினாள்.

"கொஞ்ச நேரந்தான் ஃபரீஹா. பயப்படாதீங்க."

"என்னா பண்றீங்க? கதவத் தொறங்க."

"உங்களுக்கு ஒண்ணும் ஆவாது. லேசா மயக்கம் வந்தாப் போதும். அன்னிக்கி மாதிரி. அவரு எழுந்துடுவாரு. எழுந்த ஒடனே தொறந்துடுறேன். சத்தியமா தொறந்துடுறேன்."

"அக்கா, அது மயக்கத்தோட நிக்காது. உங்களுக்கே தெரியும்."

வெளியே அழுகை கேட்டது. தாழ் அசையவில்லை.

தலைக்கு மேலே எப்போதும் கேட்கும் ஃபேன் சத்தம் நின்றிருந்தது. சுவரில் அலாரத்தின் பச்சை விளக்கு இல்லை. மெஷினுக்குப் பின்னால், தரையோரமாக, காலிக் குழாயில் தண்ணீருக்குப் பதில் காற்று வருவதுபோல மெல்லிய சீறல். நிர்மலா முன்பே ஒரு கிளைக்குழாயைக் கழற்றி விட்டிருந்தாள். சிலிண்டரின் திருகு வெளியே நடையில் இருந்தது.

கைப்பேசியை எடுத்தாள். அந்தச் சுவர்களுக்குள் அது எப்போதும் செத்துத்தான் இருக்கும். "இராமதாஸண்ணே," என்று தொண்டை கிழியக் கத்தினாள். பம்ப் முனகிற்று. வாசல் எங்கேயோ இருந்தது.

குழாய் வாயைத் துணியால் அடைத்துவிட்டால் போதும். ஆனால் அது தரையில் இருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். துப்பட்டாவைத் திணித்தாள். துப்பட்டா பிடுங்கிக்கொண்டு வந்தது. மறுபடி திணித்தாள். நெஞ்சு வெடித்துவிடும்போல ஆனது. அவளை அறியாமல் ஒரு மூச்சை இழுத்தாள்.

அந்த மூச்சில் ஒரு குறையும் தெரியவில்லை.

முழங்கால் மடங்கியது. கன்னம் சில்லென்ற தரையில் பட்டது. மூச்சு வந்தது, போனது. எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்தாள். எதற்கு என்று மறந்துபோயிற்று. எதிரில், ஊதா ஒளியில், வட்டக் கண்ணாடி தெரிந்தது.

கண்ணாடி சுத்தமாக இருந்தது.

அத்தனை நாள் படிந்த கைகளில் ஒன்றுகூட இல்லை.

அப்படியானால் அவர் உள்ளே இல்லை.

அவள் முதுகின்மேல், தோள்களுக்கு நடுவில், ஓர் உள்ளங்கை வந்து படிந்தது.

அது சூடாகவும் இல்லை, குளிராகவும் இல்லை. அழுத்தம் மட்டும் இருந்தது. அமுக்கப் போகிறது என்று நினைத்தாள். அது அவளுக்கு அடியில் நுழைந்தது. நெஞ்சுக்குக் கீழே போய் மேலே தள்ளியது. குழந்தையைக் குளிப்பாட்டும்போது தூக்குவதுபோல, ஆனால் இரக்கமே இல்லாத பலத்தோடு. விலா நொறுங்கும்போல இருந்தது. அவள் முட்டிபோட்டாள். மறுபடி தள்ளியது. மேசை விளிம்பு கையில் தட்டுப்பட்டது. மேசைமேல் ஏறினாள். அங்கும் விடவில்லை. மேசையிலிருந்து பம்புப் பெட்டிமேல், பெட்டியிலிருந்து சுவரோடு ஒட்டி நிற்கும்வரை அந்தக் கை அவளை உந்திக்கொண்டே இருந்தது. கடைசியில் முகம், நின்றுபோன ஃபேனின் இறக்கைகளுக்கு நடுவே போய்ப் பதிந்தது.

வெயில். காகிதப்பூவின் மேல் பட்ட வெயில். காற்று.

அவள் அந்த இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு விட்டாள். முதுகைவிட்டு அந்தக் கை விலகவேயில்லை. இந்த அறையில் காற்று எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்ட நேரத்தில் அதற்குப் பிரயோசனம் இல்லாமல் போயிருந்தது.

எவ்வளவு நேரம் அப்படி நின்றாளோ. தாழ் தூக்கப்படும் சத்தம் கேட்டது. தேக்குக் கதவு முனகித் திறந்தது. அவள் மேசையிலிருந்து சரிந்து இறங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, படியில் தவழ்ந்து நடைக்கு வந்தாள்.

நிர்மலா சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் போன். இணைப்பு துண்டிக்கப்படவில்லை. செல்வாம்பாளின் குரல் அழுகையும் சிரிப்புமாக அதிலிருந்து வந்துகொண்டிருந்தது.

"பேசிட்டான்மா நிர்மலா. எம்புள்ள வாயத் தொறந்து பேசிட்டான். 'கதவத் தொற நிர்மலா'ன்னான். ரெண்டு வாட்டி சொன்னான். வீட்டுக் கதவு தொறந்துதான் கெடக்குது. எந்தக் கதவச் சொல்றான்? ஏம்மா, கேக்குதா? எந்தக் கதவும்மா?"

நிர்மலா ஃபரீஹாவைப் பார்க்காமலே எழுந்துபோய்ச் சிலிண்டரின் திருகை மூடினாள்.

கோபிநாத் அதற்குப் பிறகு பேசவில்லை. அன்று விளக்கு வைக்கிற நேரத்துக்குள் மூச்சு நின்றுவிட்டது.

குழாய் கழன்றுவிட்டது என்றுதான் ஃபரீஹா எல்லோரிடமும் சொன்னாள். இளஞ்செழியன் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் அவருக்கும் நல்லதாக இருந்தது. காரியத்தன்று அவள் முத்தியால்பேட்டைக்குப் போய்வந்தாள். பந்தலுக்கு வெளியே, செருப்புகள் கிடந்த இடத்தில், நிர்மலா அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"என்னய போலீசுல சொல்லலியா நீங்க?"

"இல்லக்கா."

"ஏன்?"

ஃபரீஹா தெருவைப் பார்த்தாள். "அவருக்காகத்தான்."

நிர்மலா காலால் ஒரு ஜோடிச் செருப்பை ஓரமாக ஒதுக்கினாள். பிறகு, "அவரு அந்த ரூம்லேருந்து போயிட்டாருங்களா?" என்று கேட்டாள்.

"போயிட்டாரு," என்றாள் ஃபரீஹா. அதை அவள் நம்பித்தான் சொன்னாள். லாரி வந்து மெஷினை ஏற்றிக்கொண்டு போனபோது கண்ணாடியில் ஒரு தூசிகூட இல்லை என்று இராமதாஸ் சொல்லியிருந்தார்.

ஆனால் தலைவலி நிற்கவில்லை. தெரிந்த பெயர்கள் வாயில் வராமல் நின்றன. ஆக்ஸிஜன் குறைந்ததில் மூளைக்கு ஏதாவது ஆகியிருக்கிறதா என்று பார்த்துவிடலாம், எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுங்கள் என்றார் டாக்டர். தங்கை நூரீனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ஒரு காலைநேரத்தில் போனாள். தோடு, ஊக்கு எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார்கள். இரும்புத் தூளில் வேலை பார்த்தவள் என்றதும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டார்கள்.

"பயமா இருந்தா சொல்லு லாத்தா, நான் வெளியிலதான் இருப்பேன்," என்றாள் நூரீன்.

குறுகலான படுக்கையில் மல்லாக்கப் படுக்கவைத்தார்கள். காதுக்கு மூடி வைத்தார்கள். படுக்கை மெல்ல நகர்ந்து வெள்ளைக் குழாய்க்குள் போனது. கண்ணைத் திறந்தால் மூக்குக்கு மேலேயே கூரை. ஃபரீஹா கண்ணை மூடிக்கொண்டு தெரிந்த துஆவை எல்லாம் சொன்னாள். இங்கே காற்று இருக்கிறது, மின்விசிறி ஓடுகிறது, கூப்பிட்டால் ஆள் வரும். ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டாள். மூச்சு சீரானது. வெளியே பெரிய சம்மட்டியால் அடிப்பதுபோலக் காந்தம் இயங்கத் தொடங்கியது.

கொஞ்ச நேரம் கழித்துக் காதுக்குள் டெக்னீஷியனின் குரல் கேட்டது.

"மேடம், முதுகத் தூக்காதீங்க. படம் கலையுது."

"நான் தூக்கலங்க," என்றாள்.

"தூக்கறீங்க மேடம். எனக்கு இங்க தெரியுது. அசையாமப் படுங்க."

அவள் கண்ணைத் திறந்தாள். வெள்ளைக் கூரை கண்ணிமைக்கு மேலே இருந்தது. மூக்கு நுனி அதில் உரசிக்கொண்டிருந்தது.

அவளுக்கும் படுக்கைக்கும் நடுவில், தோள்களுக்குக் கீழே, ஓர் உள்ளங்கை விரிந்திருந்தது. காற்று இருக்கும் இடத்துக்கு அவளைக் கொண்டுபோய்ச் சேர்க்க, அது தன் பலம் முழுவதையும் கூட்டி மேலே தள்ளத் தொடங்கியது.